வாசிக்காமல் போட்ட கையெழுத்து

வாடிய தேயிலையைக் கைப்பிடி அளவு எடுத்து, காதருகே கொண்டுபோய் மெல்ல அழுத்திக் கேட்பார் மாடியக்கா. என் நினைவில் அவர் எப்போதும் அப்படித்தான் நிற்கிறார், இலை ஏதோ ரகசியம் சொல்வதுபோலத் தலையைச் சாய்த்துக்கொண்டு. சத்தமில்லாமல் பந்துபோல அமுங்கினால் பதம். உடனே கீழே உருட்டு எந்திரத்துக்குத் தள்ளிவிட வேண்டும். மொறமொறத்தால் வாடல் மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். அந்தத் தூளைச் சீமையில் நாய்கூடக் குடிக்காது என்பார் எங்கள் துரை. மூணாறுக்கு மேலே, மேகம் ஜன்னல் வழியே வந்து விசாரித்துவிட்டுப் போகும் ஒரு ஃபாக்டரி அது. அதன் மேல்மாடியில் இலை பரப்பும் பெண்களுக்கு அவர்தான் தலைவி. நான் கீழே, தூள் காயவைக்கும் எந்திரத்தின் அடுப்புக்கு விறகு தள்ளுகிறவன். அப்போது வயது இருபத்தாறு; வாய்க்கு மட்டும் அறுபது இருக்கும்.

அதுவரை எங்களுக்கு ஒரு வருஷ ஒப்பந்தம்தான். பங்குனியில் அது முடியும்; மூட்டையைக் கட்டிக்கொண்டு கீழே ஊருக்கு இறங்குவோம்; கோயில் கொடை பார்த்துவிட்டு, இஷ்டமிருந்தால் திரும்பி ஏறுவோம். அந்த இஷ்டம்தான் எங்களிடம் இருந்த ஒரே சொத்து. புதிதாக வந்த துரைக்கு அது பிடிக்கவில்லை. வருஷம் பாதி போயிருக்கும்போதே புதுக் காகிதம் அச்சடித்து வந்தது, ஒரு பக்கம் இங்கிலீஷ், மறுபக்கம் தமிழ். கைநாட்டு வைக்காதவர்கள் சனிக்கிழமைக்குள் தோட்டம் கொடுத்த லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று ஆபீஸ் கிளாக்கர் அடுப்படிக்கே வந்து சொன்னார். எனக்கு வைகாசியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. வேலையும் வீடும் இல்லாதவனுக்கு எந்த மாமனார் பெண் கொடுப்பார்? கிளாக்கர் சொல்லி முடிப்பதற்குள் கையிலிருந்த விறகுக் கட்டையைக் காலில் போட்டுக்கொண்டு, நொண்டியபடியே ஆபீசுக்கு ஓடினேன். அந்தத் தோட்டத்திலேயே முதல் ஆளாக, சுழி வைத்து, கோடு இழுத்து, அழகாகக் கையெழுத்துப் போட்டேன். ஃபாக்டரியில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒரே தொழிலாளி நான். அன்று படிக்க மட்டும் மறந்துவிட்டது.

மறுநாள் காலை கிளாக்கர் மைப்பெட்டியுடன் மாடி ஏறினார். ராத்திரி முழுக்க வாடிய இலை பதத்துக்கு வரும் நேரம். மாடியக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "வாசிச்சுக் காட்டுங்க கிளாக்கரய்யா. கேட்டுட்டு வைக்கோம்" என்றார். எந்த உத்தரவானாலும் காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கும் வரிசையில், உரக்கச் சொல்லிவிட்டுத்தான் நடத்துவார்கள். அந்தத் தோட்டத்து வழக்கம் அது. மறுக்க முடியாத கிளாக்கருக்கு எரிச்சல் வந்தது. "உங்க ஆளே கையெழுத்துப் போட்டாச்சு. அவனையே வாசிக்கச் சொல்லு" என்று கீழே பார்த்து என்னைக் கூப்பிட்டார்.

ஏறினேன். பெண்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"போட்டுட்டியால? என்ன எழுதியிருக்கு அதுல?" என்றார் அக்கா.

"வந்துக்கா... வெவரமா இருக்கு."

"வாசிக்காமலா போட்ட?"

பின்னாலிருந்து ஒருத்தி, "மாப்பிள்ளை அவசரம்க்கா!" என்றாள். சிரிப்பு ஓய்ந்ததும் அக்கா அமைதியாகச் சொன்னார்: "சரி, இப்ப வாசி."

வாசித்தேன். மூன்று வருஷக் கட்டு. முதல் வருஷம் கீழே இறங்க அனுமதி இல்லை. என் கல்யாணத்தை நானே ரத்து செய்திருக்கிறேன் என்பது அங்கேதான் தெரிந்தது. ஒரு வரியை மூன்று தடவை ஆரம்பித்தேன். அக்காவோ, "வெளங்கலை, திருப்பி வாசி" என்றார். எந்தத் தோட்டத்துக்கு மாற்றினாலும் போக வேண்டும். திருப்பி வாசி. கட்டுப்பட்டவனின் மனைவியும் அதே காலத்துக்குக் கட்டுப்பட்டவள். திருப்பி வாசி. யாரும் வேலையை நிறுத்துவதாகச் சொல்லவில்லை. எதிர்த்து ஒரு சொல் பேசவில்லை. கேட்டுக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். தட்டுகளில் இலை மட்டும் வாடிக்கொண்டே இருந்தது. "சீக்கிரம் வாசிடா!" என்று கிளாக்கர் கத்தக் கத்த எனக்கு வரிகள் தவறின, தவறத் தவற வாசிப்பு நத்தையானது. நான் போராடினேன் என்று பிற்காலத்தில் சிலரிடம் அளந்திருக்கிறேன். உண்மையில் என் திக்கல்தான் போராடியது.

கீழே எந்திரம் வெறுமனே சுற்றும் சத்தம் கேட்டுத் துரை மேலே வந்தார். ஒரு பிடி இலையை எடுத்து அழுத்தினார். மொறமொறவென்றது. அவர் முகம் சிவந்த சிவப்பை நான் எந்தத் தணலிலும் கண்டதில்லை. ஆனாலும் மனிதர் கணக்குப் பார்க்கத் தெரிந்தவர். பழைய ஒப்பந்தம் முடியும்வரை யாரும் புதுசில் கைநாட்டு வைக்க வேண்டாம், முதலில் இலையைக் கீழே தள்ளுங்கள் என்று கிளாக்கர் மூலம் சொன்னார். பெண்கள் எழுந்து ஓடினார்கள்.

"அப்ப என் காகிதம்?" என்றேன்.

"போட்டது போட்டதுதான்" என்றார் கிளாக்கர்.

அன்று மாடியில் சிரிக்காதவர் அக்கா ஒருவர்தான். பங்குனியில் எல்லோரும் இறங்கினார்கள். தோட்டமே காலியாகி, நானும் குரங்குகளும் மிஞ்சினோம். பெண் வீட்டாரிடம் விஷயத்தைச் சொல்வதாக அக்கா ஏற்றுக்கொண்டார். கல்யாணம் முறிந்துவிட்டது என்று முடிவுகட்டி, அடுப்பைப் பார்த்தே பேசிப் பழகினேன்.

வைகாசியில், போடியிலிருந்து ஏறும் பாதையில், மாடியக்கா முன்னே வர, மாமனாரும் பெண்ணும் நான்கைந்து உறவினரும் இரைக்க இரைக்க வந்து சேர்ந்தார்கள். விறகைக் கீழே போட்டுவிட்டு எதிரே ஓடினேன். இந்தத் தடவை காலில் போட்டுக்கொள்ளவில்லை. தோட்டத்து மாரியம்மன் கோயில் முன்னால் தாலியைக் கையில் எடுத்தபோது அக்கா தடுத்தார். "பொண்டாட்டியும் கட்டுப்பட்டவள்னு எழுதியிருக்குல்லா? மொதல்ல அதை அவளுக்கு வாசிச்சுக் காட்டு. கேட்டுட்டு அவ சொல்லட்டும்."

மாமனார் முணுமுணுத்தார். நான் மனப்பாடமாகச் சொன்னேன்; அதற்குள் ஒவ்வொரு வரியும் மனப்பாடமாகியிருந்தது. அவள் தலை குனியாமல் கேட்டாள்.

"இதுல எம் பேரு இருக்கா?"

"இல்ல."

"என்கிட்ட யாராவது கேட்டாவளா?"

"கேக்கல."

"அப்ப அது உங்க கட்டு. நான் இருக்கறதா இருந்தா எம் மனசுக்கு இருப்பேன்" என்றாள். பிறகு மாடியக்காவை ஒருமுறை பார்த்துவிட்டு, கழுத்தை நீட்டினாள்.