இரண்டு தெரு, ஒரு புல எண்

காலை ஆறு பத்து. முதலில் கண்ணில் பட்டது, கண்மாய்த் தண்ணீரில் பாதி மூழ்கி நின்ற எல்லைக்கல். அதன் தலையில் ஒரு கொக்கு. அவனியாபுரத்துக்குத் தெற்கே அந்த நேரத்தில் கரை எது, தண்ணீர் எது, பனி எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. விமான நிலையத்து விளக்குகள் எதிலும் ஒட்டாமல் வானத்தில் தொங்கின.

எங்கள் ஊராட்சியை மதுரை மாநகராட்சியோடு சேர்க்கும் உத்தேச அறிவிப்பு அரசிதழில் வந்திருந்தது. ஆட்சேபம் உள்ளவர்கள் கெடுவுக்குள் எழுதித் தர வேண்டும்; அதைப் பரிசீலித்த பிறகே இறுதி அறிவிப்பு. மனைப்பிரிவில் புதிதாக வீடு கட்டிய நாங்கள், குழாய்த் தண்ணீர் வரும் என்று, சேர்க்கச் சொல்லி மனு கொடுத்திருந்தோம். எழுதியது நான்.

பின்தெரு அக்கா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். ஊராட்சி போனால் அந்த வேலையும் போய்விடும். வேறு வருமானம் கிடையாது. அன்று அளக்க வந்திருந்த சர்வேயரிடம் அவர் கல்லைக் காட்டினார்.

“சார், கல்லு அங்கன நிக்குது. என் வீடு இங்கிட்டு. நான் எப்படி மதுரைக்குள்ள வருவேன்?”

“அது வயலுக்குப் போட்ட கல்லுக்கா. அரசிதழ்ல கல்லையெல்லாம் பாக்க மாட்டாங்க, புல எண்தான்.”

“அப்ப இந்தத் தம்பி தெருவ மட்டும் வெட்டி எடுத்துட்டுப் போங்க. இம்புட்டு ஆசைப்படுறாருல்ல.”

சர்வேயர் சிரித்துக்கொண்டே வரைபடத்தை விரித்தார். ஈரக்காற்றில் தாள் நெளிந்தது. இரண்டு தெருவும் ஒரே புல எண்ணின் உட்பிரிவுகள்.

“இத வெட்ட மாட்டாங்கக்கா. போனா முழுசாப் போகும்.”

அக்கா தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“சேக்க வேணாம்னு எனக்கும் ஒரு மனு எழுதிக் குடு தம்பி. ஒங்களுக்கு எழுதுன மாதிரியே எழுதணும். ஏனோதானோன்னு எழுதிப்புடாத.”

மதியம் எழுதினேன். சன்னலுக்கு வெளியே பொட்டலும் பழைய வயலும் மனைக்கற்களும் வெயிலில் ஒரே நிறமாக அசைந்தன.

மறுநாள் அக்காவோடு அலுவலகத்துக்குப் போனேன். மனுவை வாங்கிய எழுத்தர், எங்கள் பழைய மனுவை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

“ரெண்டும் ஒரே கையெழுத்தா இருக்கே. நீங்க எந்தக் கட்சி சார்?”

“அவரு தண்ணிக் கட்சி, நான் மம்பட்டிக் கட்சி. சீல் குத்துங்கண்ணே,” என்றார் அக்கா.

இரண்டு மனுவுக்கும் வரிசை எண் விழுந்தது.

சில மாதங்களில் இறுதி அறிவிப்பு வந்தது. எங்கள் புல எண் அதில் இருந்தது. அக்கா இப்போது கப்பலூரில் ஒரு தொழிற்சாலையில் பெருக்குகிறார். காலை ஐந்தரைக்கு ஷேர் ஆட்டோ.