பள்ளிப்பட்டு வரை போன டிராயிங்

எங்கள் கம்பெனி வாசலில் செக்யூரிட்டி ஒவ்வொருவர் செல்போனையும் வாங்கி, கேமராவின் மேல் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தருவார். உள்ளே எதையும் படம் பிடித்துவிடக் கூடாதாம். ஆனால் கும்மிடிப்பூண்டியில் எங்கள் சாமான்களுக்கு முலாம் பூசித் தருகிற ஷெட்டுக்காரருக்கும் ஈமெயிலுக்கும் ஆகவே ஆகாது. "மெயிலெல்லாம் யாரு சார் தொறந்துக்கினு இருக்கிறது? வாட்ஸப்புல போடு" என்பார். அதனால் கம்ப்யூட்டரில் இருக்கும் டிராயிங்கை என் போனுக்கு இறக்கி, அங்கிருந்து அவருக்குத் தள்ளிவிடுவேன். கேமராவுக்குத்தான் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். என் விரலுக்கு ஒட்டவில்லை.

அன்றைக்குத் தள்ள வேண்டியிருந்தது, இன்னும் ரோட்டுக்கே வராத ஒரு வண்டியின் பாகங்களைத் தாங்கிப் பிடிக்கிற பிராக்கெட். படம் வெளியே போனால் ஆர்டரே கிடையாது என்று கஸ்டமர் கம்பெனி எங்களிடம் எழுதி வாங்கியிருந்தது. அதில் என் கையெழுத்தும் உண்டு. நன்றாகத்தான் போட்டிருந்தேன்.

சாப்பாட்டு நேரம். ஒரு கையில் தயிர்சாதம், இன்னொரு கையில் போன், மூக்குக் கண்ணாடி மேசையில். அனுப்பும் இடத்தைத் தொட்டால் பட்டியலின் உச்சியில் 'மை ஸ்டேட்டஸ்' வரும். தினமும் காலையில் நான் திருத்தணி முருகனைப் போடுகிற இடம். விரல் பழகிய வழியிலேயே போய்விட்டது.

"இன்னா சார், டிராயிங் இன்னும் வரல?" என்று ஷெட்டுக்காரர் சாயங்காலம் கேட்டபோதுதான் பார்த்தேன். முருகனுக்கு அடுத்து பிராக்கெட். அளவுகளோடு, கஸ்டமர் பெயரோடு.

உடனே அழித்தேன். ஆனால் யார் யார் பார்த்தார்கள் என்ற பட்டியலை அதற்குள் பார்த்துத் தொலைத்துவிட்டேன். பால்காரர். இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட். பள்ளிப்பட்டில் விவசாயம் பார்க்கிற என் மச்சான். அவனுக்குக் கீழே, போட்டிக் கம்பெனியில் பர்ச்சேஸ் பார்க்கிற பக்கத்துத் தெருத் தம்பி. இதே பிராக்கெட் ஆர்டருக்கு விலை குறித்துக் கொடுத்து எங்களிடம் தோற்ற கம்பெனி அது.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. அந்தத் தம்பிதான். எடுக்கவில்லை. மறுபடி அடித்தான். கழிவறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். அங்கேயும் அடித்தது, எதிரொலியோடு. விலை பேசத்தான் கூப்பிடுகிறான் என்று முடிவே செய்துவிட்டேன். இந்த வயதில் யார் எனக்கு வேலை தருவார்கள்? போனில் ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலைக்குக்கூட என்னை நம்ப மாட்டார்களே.

கம்பெனி பஸ் திருவள்ளூரில் இறக்கிவிட்டபோது ஸ்டாப்பிலேயே நின்றிருந்தான். நான் கரும்புச்சாறு வண்டிக்குப் பின்னால் குனிந்தேன்.

"அண்ணே, அங்க இன்னா பண்ணிக்கினு கீற? தொப்ப வெளிய தெரியுது."

"செருப்பு அறுந்துடுச்சு தம்பி."

"ரெண்டு செருப்புமா? போன் பண்ணா எடுக்க மாட்டியா? கம்பெனி டிராயிங்க ஸ்டேட்டஸ்ல போட்டுக்கினு கீற, எடுத்துடுன்னு சொல்லத்தான் அடிச்சேன். பேஜாரா பூட்ச்சு. இந்தா, நீயே பாரு, என்கிட்ட ஒண்ணும் இல்ல."

போனை நீட்டினான். நான் கௌரவமாக மறுத்திருப்பேன் என்று நினைப்பீர்கள். வாங்கி, கடைசிப் படம் வரை தள்ளித் தள்ளிப் பார்த்தேன். எல்லாம் அவன் மகளின் பிறந்தநாள் கேக்.

உயிர் வந்தது. ஆளுக்கொரு கரும்புச்சாறு சொன்னேன். முதல் வாய் உள்ளே போகும்போது மச்சான் கூப்பிட்டான்.

"மாமா, ஊடு கட்றேன்னு எங்ககிட்ட ஒரு வார்த்த சொன்னியா? பிளான் ஸோக்கா கீது. அப்படியே ஸ்க்ரீன்ஷாட் எட்த்து மேஸ்திரிக்கு அனுப்பிச்சிட்டேன், எவ்ளோ டப்பு ஆவும்னு கேக்க."

கரும்புச்சாறு மூக்கு வழியாக வந்தது. பயத்தில் மனிதன் என்னவெல்லாம் கேட்பான் பாருங்கள், நான் கேட்டது: "மேஸ்திரி இன்னா சொன்னாரு?"

"ஜன்னலே வெக்கலியேன்னு கேட்டாரு."

"டேய், அது ஊடு இல்லடா, என் வேலைடா! நீயும் அழி, அவரையும் அழிக்கச் சொல்லு!"

மறுநாள் காலை, வேறு யாரும் சொல்வதற்கு முன்னால் நானே மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. "எல்லார்கிட்டயும் அழிஞ்சிடுச்சுன்னா கஸ்டமர்கிட்ட பேசிப் பாக்கலாம். ஒருத்தர்கிட்ட இருந்தாலும் ஆர்டரும் இருக்காது, நீங்களும் இருக்க மாட்டீங்க. கேட்டுட்டு வாங்க" என்றார்.

வெளியே வந்து மச்சானைக் கூப்பிட்டேன். "நான் நேத்தே அழிச்சிட்டேன் மாமா."

"மேஸ்திரி?"

"அவரு இன்னும் கிளீனா பண்ட்டாரு. காலைல அந்தப் போனையே பொதட்டூர்பேட்டை கடையில குட்த்துட்டு புதுசு வாங்கிக்கினாரு. போனே இல்ல, அப்புறம் இன்னா படம்? கவலைய உடு."

திரும்பி உள்ளே போய் அதையும் அப்படியே சொன்னேன். மேனேஜர் ஒளிக்காமல் கஸ்டமருக்கு எழுதினார். பதில் வருகிற வரை அவர் மேசைக் கம்ப்யூட்டர் 'டிங்' என்றாலே நான் எழுந்து நின்றேன். கடைசியில், நாங்களாகவே சொன்னதால், ஓர் எச்சரிக்கையோடு ஆர்டர் தப்பியது, நானும் தப்பினேன். என் போன் மட்டும் இப்போது செக்யூரிட்டி டிராயரில் தூங்குகிறது. டிராயிங்கைக் காகிதமாக உறையிலிட்டு, பைக்கில் ஷெட்டுக்கு நானே கொண்டுபோகிறேன்.

ஆனால் மேஸ்திரியின் அந்தப் பழைய போனை யாரோ மலிவாக வாங்கியிருப்பார்கள் இல்லையா? அந்தப் புண்ணியவான் மட்டும் வீடு கட்டுகிற யோசனையில் இருக்கக் கூடாது என்று, ஸ்டேட்டஸில் போடாமலேயே, முருகனிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.