இரண்டாவது பொத்தான்

அலுவலகத்தில் அவரைக் காதுக்காரர் என்றுதான் சொல்வார்கள். வயது ஐம்பத்து மூன்று. மனிதருக்கு மற்ற உறுப்புகளும் இருக்கின்றன. முட்டி வலிக்கிறது, படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஆனால் அதையெல்லாம் யாரும் விசாரிப்பதில்லை. காலையில் வந்ததும் முதலாளி கேட்கும் ஒரே கேள்வி, “காது எப்படி இருக்கு?” என்பதுதான்.

ஒரு பல் மருத்துவமனைக்கு மேலே, இரண்டாவது மாடியில் அந்த அலுவலகம். மொத்தம் ஐந்து பேர். பாட்டுப் பதிவு செய்கிறவர்களும் படங்களுக்கு ஓசை சேர்க்கிறவர்களும் தங்கள் கணினியில் போட்டுக்கொள்ளும் சின்னச் சின்ன மென்பொருள்களைச் செய்து விற்றார்கள். பிளகின் என்பார்கள். ஒன்று எதிரொலி சேர்க்கும், ஒன்று இரைச்சலைக் குறைக்கும். எது தயாரானாலும் கடைசியில் காதுக்காரரின் அறைக்கு வரும். அவர் நாள்கணக்கில் கேட்டு, இரண்டு பக்கம் எழுதி, அடியில் ‘சரி’ என்று போட்டால்தான் அது வெளியே போகும். அப்படிப் பதினான்கு போயிருந்தன. இங்கே வருவதற்கு முன் இருபது வருடம் ஒலிப்பதிவுக் கூடங்களில் மற்றவர்களின் பாட்டுகளுக்கு ஒலி கலந்தவர் அவர். ஒரு இசைத்தட்டிலும் அவர் பெயர் வந்ததில்லை. ஆகவே அந்த ‘சரி’ என்ற ஒரு சொல்தான் மனிதர் சம்பாதித்த சொத்து.

கேட்பதுதானே, உட்கார்ந்த இடத்தில் பார்க்கிற வேலைதானே என்று நினைக்கிறவர்கள் ஒருநாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஒரு பெண் எட்டு நொடி ‘ஆ’ என்று பாடிய பதிவு ஒன்று இருக்கிறது. அதே ‘ஆ’வைக் குமிழைக் கொஞ்சம் திருப்பி ஒரு தரம், இன்னும் கொஞ்சம் திருப்பி ஒரு தரம் என்று ஒரு நாளைக்கு இருநூறு தடவை கேட்க வேண்டும். நடுவில் கீழே பல் மருத்துவர் துளைக்கிற இயந்திரத்தைப் போட்டுவிட்டால், அது நிற்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். மதியத்துக்குள் காது மரத்துப்போய்விடும். சாப்பிடும்போது அவர் யாரோடும் பேசமாட்டார். தலைக்கனம் என்று புதிதாக வந்தவர்கள் நினைப்பார்கள். அலுப்பு, வேறொன்றுமில்லை.

இந்த முறை அவர் அறைக்கு வந்தது கோரஸ். ஒரு குரலை எடுத்து அதற்கு நாலைந்து நகல் செய்து, ஒவ்வொன்றையும் கண் இமைப்பதற்குள் அடங்குகிற அளவு தாமதப்படுத்தி, சுருதியைத் துளித்துளி ஆட்டி, பழைய குரலோடு சேர்த்துவிடும். ஒருத்தி பாடியது ஐந்து பேர் பாடியது போல ஆகிவிடும். வேகம், ஆழம், கலவை என்று மூன்று குமிழ்கள், கீழே ஒன்று, இரண்டு என்று இரண்டு பொத்தான்கள். செய்தவள் கடுகு. ஆளும் சிறுசு, கோபமும் பட்டென்று வெடிக்கும் என்பதால் முதலாளி வைத்த பெயர். அவளுக்கு முப்பது வயது. நிரல் எழுதுவதில் கெட்டிக்காரி.

“ஒண்ணாவது எல்லாரும் செய்யறதுதான், அண்ணா. அஞ்சு நகலும் ஒரே தாளத்துல ஆடும்,” என்று அவள் விளக்கினாள். “ரெண்டாவது என்னோடது. நாலு மாசம் உட்கார்ந்து செஞ்சேன். ஒவ்வொரு நகலும் தன் இஷ்டத்துக்கு ஆடும். நிஜ மனுஷங்க அஞ்சு பேர் நின்னு பாடினா எப்படி இருக்கும், அப்படி.”

அரை மணி நேரம் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். காதுக்காரர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். அவள் சொன்னது அத்தனையும் அவர் மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அங்கேதான் வினை.

நான்கு நாள் கேட்டார். குரல் வைத்து, கிட்டார் வைத்து, வெறும் மழைச் சத்தம் வைத்துக்கூட. ஐந்தாம் நாள் அறிக்கை எழுதினார். ‘முதல் பொத்தானில் குரல்கள் ஒரே கத்தியால் நறுக்கியது போல இருக்கின்றன. இரண்டாவதில் ஒவ்வொரு குரலும் தனித்தனியாக மூச்சு விடுகிறது. ஓரங்கள் மென்மை. அசல் மனிதர்களின் நெருக்கம்.’ இரண்டாவது பொத்தானுக்கு மட்டும் அரைப் பக்கம். அடியில் ‘சரி’. முதலாளிக்கு ஒரே குஷி. விளம்பரத்துக்கு வேறு ஆள் எதற்கு, இதையே போட்டுவிடலாம் என்றார். வெள்ளிக்கிழமை வெளியீடு.

புதன்கிழமை மதியம், கடுகு அவர் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். முகத்தில் ஈயாடவில்லை.

“அண்ணா, ஒரு தப்பு நடந்துபோச்சு. என் தப்புதான்.”

“என்னம்மா?”

“உங்களுக்குக் கொடுத்த பதிப்புல ரெண்டாவது பொத்தானுக்கு நான் இணைப்பே கொடுக்கல. சோதனைக்காகக் கழட்டி வெச்சது, மறந்துட்டேன். அமுக்கினா விளக்கு எரியும். அவ்வளவுதான். ரெண்டுலயும் நீங்க கேட்டது ஒரே சத்தம்.”

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் தன் அறிக்கையின் நகலை எடுத்துப் பார்த்தார். நான்கு நாள். அரைப் பக்கம். தனித்தனியாக மூச்சு விடுகிறதாம். விளக்கு எரிந்ததைப் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார்.

ஒலிப்பதிவுக் கூடங்களில் ஒரு வழக்கம் உண்டு. படம் எடுக்கிறவர், பணம் போட்டவர் என்று யாராவது பின்னால் வந்து நின்று, “இன்னும் கொஞ்சம் கனம் வேணும்” என்பார்கள். பாட்டு சரியாகத்தான் இருக்கும். அப்போது ஒலி கலக்குகிறவர் எதிலும் இணைக்காத ஒரு குமிழை மெல்லத் திருப்புவார். வந்தவர் கண்ணை மூடி ரசித்துவிட்டு, “ஆங், இப்பதான் சரி” என்று திருப்தியாகப் போவார். காதுக்காரர் இருபது வருடம் அந்தக் குமிழைத் திருப்பியவர். அவர்கள் படி இறங்கியதும் வயிறு குலுங்கச் சிரித்தவர். பெரிய பெரிய ஆட்களை ஏமாற்றிய அந்தக் குமிழுக்கு இன்று அவரே தலையைக் கொடுத்திருக்கிறார். அதுவும் யாரும் ஏமாற்ற நினைக்காமலே.

“இப்ப இணைச்சுட்டேன்,” என்றாள் கடுகு. “நான் யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன். நீங்களும் விட்டுடுங்க. நீங்க எழுதினது இப்ப நிஜமாவே இருக்கு, அண்ணா. யாருக்குத் தெரியப்போகுது?”

அவர் தலையை மட்டும் ஆட்டினார். அந்தத் தலையாட்டலுக்கு என்ன அர்த்தம் என்று அவருக்கே தெரியாது.

அன்று சாயங்காலம் நேரத்தோடு வீட்டுக்குப் போய்விட்டார். மனைவிக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களுக்கு எழுத்துப் பலகையைக் காட்டிப் பார்வையைச் சோதிப்பாள். அவள் வந்து செருப்பைக் கழற்றும்போது அவர் துவைக்கும் இயந்திரத்தின் பக்கத்தில், ஈரத்துணி வாளியை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

“என்னங்க, துணியைக் காயப்போடாம அதுகூட என்ன பேச்சுவார்த்தை?”

அவர் சொன்னார். மென்று விழுங்காமல் முழுவதையும் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. வாளியை இழுத்து ஒரு சட்டையை உதறினாள்.

“இன்னைக்கு ஒருத்தர் வந்தாரு. முன்னாடி உட்கார்ந்தவர் வாசிச்சதைக் காதுல வாங்கிட்டு, கடைசி வரி வரைக்கும் அப்படியே ஒப்பிச்சாரு. நான் பலகையை மாத்திட்டேன். அப்பவும் பழைய எழுத்தையே சொல்றாரு.”

“ஏமாத்தணும்னு சொல்லியிருக்க மாட்டாரு.”

“இல்லவே இல்ல. அவருக்குத் தெரியுதுன்னே நினைக்கிறாரு. ஆனா அவருக்கு நான் எப்படிக் கண்ணாடி போடறது? தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும்ல?” சட்டையைக் கொடியில் போட்டாள். “நீங்க எதுக்குப் பயப்படறீங்க? வேலை போயிடும்னா?”

“வேலை போனாக்கூடப் பரவாயில்ல. காது போயிருந்தா?”

அவள் இன்னொரு சட்டையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். இருவரும் சேர்ந்து துணி காயப்போட்டார்கள். அவருக்கு அழுகை வரும்போல இருந்தது. அழுவதற்கும் தெம்பு வேண்டுமே என்று விட்டுவிட்டார்.

வியாழக்கிழமை காலை நேராக முதலாளியின் அறைக்குப் போனார். கடுகு அங்கேதான் வெளியீட்டு வேலைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் கண்ணால் வேண்டாம் என்றாள். அவர் பார்க்காதது போலச் சொல்லி முடித்தார். எழுதிய நாளில் அந்தப் பொத்தான் வேலை செய்யவில்லை, வேலை செய்ததாகத் தன் காதில் விழுந்தது, அறிக்கையைத் திருப்பிக் கொடுங்கள், அவ்வளவுதான். முதலாளி நாற்காலியில் சாய்ந்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

“காதுக்காரரே, அப்போ முன்னாடி போன பதினாலும்?”

அந்தக் கேள்வியைத்தான் ராத்திரி முழுக்க அவர் தன்னையே கேட்டிருந்தார். “தெரியல,” என்றார். “நான் சுவரைப் பார்த்து உட்காருறேன். எந்தப் பொத்தான்னு எனக்குத் தெரியக்கூடாது. நீங்க மாத்தி மாத்திப் போடுங்க. பார்த்துடலாம்.”

அறையில் ஜன்னலைச் சாத்தினார்கள். கீழே போய், பல் மருத்துவரிடம் கால் மணி நேரம் இயந்திரம் போடவேண்டாம் என்று கேட்டு வந்தார்கள். முதலாளி ஒரு நாணயத்தைச் சுண்டினார். பூ விழுந்தால் ஒன்று, தலை விழுந்தால் இரண்டு. இணைப்பு கொடுத்த புதிய பதிப்பு. கடுகே சரியென்று வைத்த அளவுகள். காதுக்காரர் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். சுண்ணாம்பு உரிந்த இடம் ஒன்று மூக்குக்கு நேரே இருந்தது. ‘ஆ’ வந்தது. மறுபடி ‘ஆ’ வந்தது. பத்து முறை வந்தது. பத்து முறையும் அவர் மனதுக்குப் பட்டதைச் சொன்னார்.

பத்துக்கு ஐந்து. கண்ணை மூடிக்கொண்டு நாணயத்தைச் சுண்டினாலே ஐந்து வரும்.

அவர் சுவரிலிருந்து திரும்பவில்லை. முதலாளி நாணயத்தை மேசையில் வைத்தார். கடுகுக்குத்தான் பொறுக்கவில்லை.

“அண்ணாவுக்கு நாலு நாள் கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருக்கும். நான் உட்காருறேன். எனக்கு நல்லாவே கேட்கும். தினம் கேட்கறவ நான்.”

அவரை எழுப்பிவிட்டு உட்கார்ந்தாள். நாணயம் சுழன்றது. ஒவ்வொரு முறையும், அவசரமாக, உறுதியாகச் சொன்னாள். “ரெண்டு. ரெண்டு. ஒண்ணு. இது கண்டிப்பா ரெண்டு.”

பத்துக்கு நான்கு.

பிறகு முதலாளிக்கு ஏதோ தோன்றியது. ஆழம் என்ற குமிழை இருபதில் வைத்து ஒரு தரம், இருபத்து மூன்றில் வைத்து ஒரு தரம் என்று மாற்றிப் போட்டு, காதுக்காரரை மறுபடி சுவரைப் பார்த்து உட்காரச் சொன்னார். அந்த மூன்று புள்ளி வித்தியாசம் முதலாளிக்குச் சுத்தமாகக் கேட்கவில்லை. காதுக்காரர் பத்துக்குப் பத்து சொன்னார். ஏழாவதில் மட்டும், “இன்னொரு தரம் போடுங்க” என்றார்.

“யோவ், காது இரும்பு மாதிரி இருக்குய்யா!” முதலாளி மேசையைத் தட்டினார். “காதுல கோளாறு இல்ல. பொத்தான்லதான் சரக்கு இல்ல.”

காதுக்காரருக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. சந்தோஷம்தான். காது இருக்கிறது. ஒரு நாள் முழுக்கப் பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டார். விட்டுவிட்டுத் திரும்பினால் கடுகு நின்றுகொண்டிருந்தாள். ஆழத்தை அறுபதுக்கு மேல் ஏற்றினால் வித்தியாசம் தெரியும் என்று அவள் மெல்லிய குரலில் சொன்னாள். தெரியும்தான். ஆனால் அவ்வளவு ஏற்றினால் குரல் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போல ஆகிவிடும், யாரும் அப்படி வைக்கமாட்டார்கள். அது அவளுக்கும் தெரியும். முதலாளி வெளியீட்டை ஒரு வாரம் தள்ளிவைத்தார். இரண்டாவது பொத்தானை எடுத்துவிடச் சொன்னார். மதியத்துக்குள் புது அறிக்கை வேண்டும் என்றார்.

காதுக்காரர் தன் அறைக்குப் போய் எழுதினார். உவமை ஒன்றும் போடவில்லை. ‘இரண்டாவது பொத்தானுக்கும் முதல் பொத்தானுக்கும் காதில் விழுகிற வித்தியாசம் இல்லை. நீக்கிவிடலாம். மற்றவை சரி.’ எழுத ஐந்து நிமிடம் ஆனது. அனுப்புவதற்கு முன் அவளே முதலில் படிக்கட்டும் என்று எடுத்துக்கொண்டு போனார். அவள் திரையில் ஏற்கெனவே அந்தப் பொத்தானின் நிரலைத் திறந்து வைத்திருந்தாள். வரி வரியாக, மேலிருந்து கீழே வரை, நாலு மாதம்.

“உன் யோசனை நல்ல யோசனைதாம்மா,” என்றார். சப்பைக்கட்டு என்று சொல்லும்போதே தெரிந்தது.

அவள் தாளைப் படித்தாள். இரண்டாம் தரம் படித்தாள். கோபத்தில் வெடிப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் தாளை மடிக்காமல், கசக்காமல் திருப்பிக் கொடுத்தாள்.

“சரியாத்தான் எழுதியிருக்கீங்க, அண்ணா,” என்றாள். “ஆனா நேத்து நான் கதவைச் சாத்திட்டு, யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னது உங்களைக் காப்பாத்தறதுக்கு.”

அவர் அங்கேயே நின்றார். அவள் திரைப் பக்கம் திரும்பி, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை தேர்ந்தெடுத்து, அழித்தாள்.