கொண்டைக்குள் இருந்த சாவி

திருப்பதியில் சைக்காலஜி பாடம் நடத்துகிறேன் என்று சொன்னால் சொந்தக்காரர்கள் உடனே, "அப்போ எம் மனசுல இன்னா கீதுன்னு சொல்லு பாக்கலாம்" என்பார்கள். யார் மனதில் என்ன இருக்கிறது என்று சொல்வது என் வேலை இல்லை. வேலை செய்கிற இடத்தில் மனிதர்கள் தங்கள் நோயை ஏன் மறைக்கிறார்கள், மறைப்பதால் அந்த நோய் என்ன ஆகிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. அதை விளக்க ஆரம்பித்தால் காபி தம்ளரை வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள்.

ஆந்திர எல்லையில் தடா பக்கம் வெளிநாட்டுக் கம்பெனிகள் வந்து இறங்கிய காலம் அது. எங்கள் பக்கத்து ஆண்கள் மெட்ராஸுக்கும் பெங்களூருக்கும் பிழைக்கப் போனது பழைய கதை. இப்போது பெண்களைத் தேடி வேலையே பஸ் போட்டுக்கொண்டு வந்தது. புத்தூர், நாகலாபுரம், சத்தியவேடு வழியில் இருக்கிற தமிழ் ஊர்களில் அதுவரை களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் கம்பெனி பஸ்ஸில் ஏறி, நீலக் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு, செல்போன் பாகங்களைப் பொருத்தப் போனார்கள். நானும் புத்தூர்க்காரிதான். அந்தப் பேச்சு எனக்கு வரும் என்பதால் ஒரு செல்போன் கம்பெனியில் ஆய்வு செய்ய அனுமதி வாங்கினேன்.

முதலில் கேள்வித்தாள் கொடுத்தேன். வேலையிடத்தில் உடம்புக் கோளாறு எதையாவது மறைத்தது உண்டா என்று ஒரு கேள்வி. ஒருத்தி பாக்கியில்லாமல் 'இல்லை' என்று டிக் போட்டுக் கொடுத்தார்கள். இத்தனை ஆரோக்கியமான பெண்கள் சித்தூர் ஜில்லாவில் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டதே என்று தலையில் அடித்துக்கொண்டேன். கேள்வித்தாளைத் தூக்கிப் போட்டுவிட்டு அவர்கள் பஸ்ஸிலேயே போய்வர ஆரம்பித்தேன்.

பஸ்ஸில் எப்போதும் ஒரே சீட்டில் இரண்டு பேர் உட்காருவார்கள். ஜன்னலோரம் சின்னவள், கல்யாணமாகாதவள். வழிப்பக்கம் பெரியவள், இரண்டு பிள்ளை பெற்றவள். பெரியவளின் புருஷன் பங்காருபாளையம் மாங்காய் மண்டியில் மூட்டை தூக்குகிறவன். சீசன் முடிந்தால் வீட்டில்தான். குடும்பம் இவள் சம்பளத்தில் ஓடியது. சின்னவள் கண் அயர்ந்தால் பெரியவளின் கை அவள் மணிக்கட்டின் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். நல்ல சிநேகிதம் என்று நினைத்துக்கொண்டேன்.

கம்பெனிக்குள் உலோகம் எதையும் கொண்டுபோகக் கூடாது. கம்மல், ஊக்கு, வீட்டுச் சாவி எல்லாவற்றையும் கேட்டில் கொடுத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும். அதுவரை காவலுக்கு நின்ற பெண்கள் கையடக்க ஸ்கேனரைத் தோளிலிருந்து கால்வரை தடவிவிட்டு 'போ போ' என்பார்கள். திடீரென்று ஒருநாள், உலோகம் இருந்தால் கத்துகிற வாசல் வளைவு ஒன்றைப் புதிதாகக் கொண்டுவந்து வைத்தார்கள். அதற்குள் நுழைந்து போக வேண்டும். பெரியவள் நுழைந்தாள். அது கத்தியது.

கோட்டைக் கழற்றினாள், கத்தியது. செருப்பைக் கழற்றினாள், அப்போதும் கத்தியது. கடைசியில் தொப்பியை எடுக்கச் சொன்னார்கள். கொண்டைக்குள்ளிருந்து துருப்பிடித்த இரும்புச் சாவி ஒன்று வந்தது.

அன்று நான் மனிதவள மேனேஜரின் அறையில் உட்கார்ந்திருந்தேன். சித்தூர்க்காரர். என்னோடு தமிழிலும் ஆட்களோடு தெலுங்கிலும் பேசுவார். செக்யூரிட்டி அதிகாரி பெரியவளை அங்கேதான் கூட்டிவந்தார். அவர் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற வடக்கத்திக்காரர். ஸ்டோர் ரூம் பூட்டுக்குக் கள்ளச் சாவி என்பது அவர் முடிவு. ஸ்டோர் பூட்டில் போட்டுப் பார்த்தார்கள். சேரவில்லை. லாக்கர்களில் போட்டுப் பார்த்தார்கள். எதிலும் சேரவில்லை. சேராதது அவருடைய சந்தேகத்தை இன்னும் பெரிதாக்கியது.

"ஈ தாளம்செவி தேனிதம்மா?" என்று மேனேஜர் தெலுங்கில் கேட்டார். எந்தப் பூட்டின் சாவி இது? பெரியவள் தரையைப் பார்த்தாள். அவர் தமிழுக்கு மாறினார்.

"சொல்லலேன்னா வேலை போயிடும். தெரியுதா?"

"தெரியுது சார்."

"அப்புறம் ஏன் வாயைத் திறக்க மாட்டேங்கற?"

"எங்கூட்டு சாவி சார். பழசு."

"பழைய சாவியை எதுக்குக் கொண்டையில சொருவிக்கினு வர்ற?"

அவள் அவிழ்ந்த கொண்டையை அள்ளி முடிந்துகொண்டாள்.

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் புரியாமல் இருக்க முடியாது. வலிப்பு வந்தவர் கையில் இரும்பைக் கொடுத்தால் வலிப்பு நிற்கும் என்று தெருவில் எல்லோரும் சொல்வார்கள். அதற்கென்றே சிலர் வீட்டில் பூட்டில்லாத சாவி ஒன்று மாடத்தில் கிடக்கும். பஸ்ஸில் மணிக்கட்டின் மேல் இருந்த கையும் இப்போது விளங்கியது. ஆனால் நோய் பெரியவளுடையது இல்லை. யாருடையது என்று சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை. அடுத்தவர் நோயை அவர் சம்மதமில்லாமல் வெளியே சொல்லக்கூடாது என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப்போடுகிறவள் நான். சொல்லாவிட்டால் இவள் வேலை போகும். சொன்னால் அவள் வேலை போகும். நாற்காலியில் உட்கார முடியாமல் உட்கார்ந்திருந்தேன். அந்தச் சாவியின் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது.

மேனேஜர் பேனாவை எடுத்தபோது கதவு திறந்தது. சின்னவள். தொப்பி கையில் இருந்தது.

"அது எனுக்குதான் சார். எனுக்கு இஸ்துக்கும். வலிப்பு சார்."

பெரியவள் திரும்பி, "ஏண்டி வந்த? போடி லைனுக்கு" என்று கத்தினாள். பிறகுதான் அழுதாள்.

மேனேஜருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. சாவியை மேசைமேல் மெல்ல வைத்தார். செக்யூரிட்டி அதிகாரி எதுவும் விளங்காமல் அவர் முகத்தையே பார்த்தார். மேனேஜர் ஆங்கிலத்தில் நோயின் பெயரைச் சொன்னதும் அந்த மனிதர் தன் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டார். பட்டாளத்தில் குண்டுக்கு அஞ்சாதவர்.

பெரியவளை விட்டுவிட்டார்கள். இரண்டு பெண்களையும் வெளியே நிற்கச் சொல்லிவிட்டு மேனேஜர் என் பக்கம் திரும்பினார்.

"மேடம், மெஷின் மேல விழுந்தா யாரு பதில் சொல்றது? அன்ஃபிட்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. மரியாதையா செட்டில் பண்ணி அனுப்பிடறேன்."

"நான் டாக்டர் இல்ல சார். டாக்டரா இருந்தாலும் எழுத மாட்டேன். இவ்வளவு நாளா அவ வேலை செஞ்சது உங்க ரிஜிஸ்டர்ல இருக்கு இல்ல? அதுல எந்த பீஸ் அன்ஃபிட்டா வந்துச்சு?"

என் குரல் உயர்ந்துவிட்டது. அவர், இவர்கள் வேலை செய்கிற லைனின் லீடரைக் கூப்பிட்டு விசாரித்தார். அந்தப் பெண் கையைப் பிசைந்தபடி, "எங்களுக்குத் தெரியும் சார்" என்றாள்.

"எங்களுக்குன்னா?"

"லைன்ல எல்லாருக்கும்தான்."

வலிப்பு வந்தால் நாலு பேர் சுற்றி நின்று மறைத்துக்கொள்வார்களாம். பெரியவள் கொண்டையிலிருந்து சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து அழுத்துவாளாம். சூப்பர்வைசர் வந்தால், "காலீல துன்னாம வந்துட்டா சார், மயக்கம்" என்பார்களாம். கண் திறந்ததும் சின்னவள் கேட்கிற முதல் கேள்வி, "யார்னா பாத்தாங்களா?" என்பதுதானாம். எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தெரிந்துகொள்ளச் சம்பளம் வாங்குகிற எனக்கும் மேனேஜருக்கும்தான் தெரியவில்லை.

திருப்பதியில் ஒரு நரம்பு டாக்டரிடம் சின்னவளைக் கூட்டிப்போனேன். மாத்திரை ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்தார்களாம். கேட்டில் பையைத் திறந்து பார்க்கும்போது மாத்திரை அட்டை இருந்தால், எதற்கு என்று கேட்பார்கள். அதனால் ஷிப்டுக்கு வருகிற நாட்களில், வேலை நேரத்தில் போட வேண்டிய மாத்திரையை அவள் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறாள். மாத்திரை தவறுவதும் நைட் ஷிப்டில் தூக்கம் கெடுவதும் சேர்ந்துதான் வலிப்பை வரவழைத்தது என்றார் டாக்டர். ஒழுங்காகச் சாப்பிட்டு ஒழுங்காகத் தூங்கினால் இந்த வேலையை அவள் தாராளமாகச் செய்யலாம் என்று கடிதம் கொடுத்தார். என் ஆராய்ச்சியின் மொத்த விஷயமும் அந்த மாத்திரை அட்டையில் இருந்தது.

ஒருத்திக்குப் பகல் ஷிப்ட் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள் என்று மேனேஜர் இழுத்தார். லைன் பெண்கள் அவளுடைய நைட் வாரத்தை ஆளுக்கொரு முறையாக நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று போய் நின்றார்கள். மனிதர் ஒத்துக்கொண்டார். நல்லவர்தான், பயந்தவர்.

அதோடு முடிந்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். பஸ்ஸில் ஏறிய செய்தி சாயங்காலமே சின்னவளின் ஊரில் இறங்கிவிட்டது. அவள் தங்கைக்குக் கங்காதர நெல்லூரிலிருந்து பேசியிருந்த சம்பந்தம் நின்றுபோனது. "எவ வேலையோ போனா போவட்டும், நீ எதுக்கு வாயத் தொறந்த?" என்று கேட்ட அம்மா, அப்புறம் பெண்ணோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள். நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். இது தொற்றுநோய் இல்லை, பரம்பரையாக எல்லோருக்கும் வருவது இல்லை என்று ஒரு மணி நேரம் பேசினேன். அம்மா மோர் கொடுத்தாள். தம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். திரும்பி வரும்போது எனக்கு அழுகை வந்தது. என் படிப்பில் அந்த அம்மாவுக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

கம்பெனி நர்ஸும் நானும் லைனில் இருந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தோம். ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக்கூடாது, இரும்பால் ஒரு பயனும் இல்லை. எல்லோரும் தலையாட்டினார்கள். ஆனாலும் மேனேஜர் அந்தச் சாவியை முதலுதவி அறையில் ஓர் ஆணியில் மாட்டிவைக்கச் சொன்னார். நான் சண்டைக்குப் போனேன். "தெரியும் மேடம். இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

மாத்திரை தவறாததால் சின்னவளுக்குப் பல மாதம் வலிப்பு வரவில்லை. பிறகு ஒருநாள் நான் லைனில் இருக்கும்போதே வந்துவிட்டது. யாரும் சுற்றி நின்று மறைக்கவில்லை. ஒருத்தி ஸ்டூலை நகர்த்தினாள், ஒருத்தி தலைக்குக் கீழே கோட்டை மடித்துவைத்தாள், பெரியவள் அவளை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டாள். சாவிக்கு யாரும் ஓடவில்லை. அடங்கியதும் முதலுதவி அறைக்குக் கொண்டுபோனோம். அவள் படுத்திருந்த கட்டிலுக்கு மேலேயே சாவி தொங்கிக்கொண்டிருந்தது.

நன்றாகத் தெளிய நேரமானது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள், நர்ஸைப் பார்த்தாள், கதவருகே நின்ற மேனேஜரைப் பார்த்தாள். யாராவது பார்த்தார்களா என்று கேட்பாள் என்று காத்திருந்தேன்.

"எம் பீஸு பாதில நிக்குதே" என்றாள்.

"அங்கியே கீது" என்றாள் பெரியவள். "தண்ணி குடிச்சிட்டு நீயே வந்து முடி."