எந்தச் சுவர் அவளுடையது

என் மகளைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வரத்தான் நான் தில்லிக்குப் போனேன். சுவர் விஷயமெல்லாம் போன இடத்தில் வந்து மாட்டிக்கொண்டது.

அவள் நாவலூரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் நாலு வருடம் வேலை பார்த்தாள். பெருங்களத்தூரில் எங்கள் தெருமுனைக்கே கம்பெனி வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போகும். அப்படிப்பட்ட வேலையை விட்டுவிட்டு, தில்லியில் சுவர்களில் படம் வரைகிற ஒரு குழுவோடு சேரப் போகிறேன் என்றாள். நான் கத்தினேன். எனக்குக் கோபம் வந்தால் மிக்ஸி ஓடினாலும் என் குரல்தான் மேலே கேட்கும் என்பது என் மனைவியின் பழைய புகார். கத்தி முடித்த பிறகு எட்டு மாதம் மகளோடு பேசவில்லை. அப்புறம் பேச ஆரம்பித்தோம், ஆனால் "சாப்பிட்டியா", "அங்க குளிரா" என்பதைத் தாண்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தால் யாராவது ஒருவர், "பொண்ணு இப்போ என்ன சார் பண்றா?" என்று கேட்பார். "டெல்லியில இருக்கா" என்பேன். அது எப்படிப் பதிலாகும் என்று அவர்களும் கேட்டதில்லை.

போன குளிர்காலத்தில், அவளோடு வேலை பார்த்த பெண் ஒருத்தி என் மனைவியை மார்க்கெட்டில் பார்த்து, பழைய டீமில் இடம் காலியாக இருக்கிறது, இந்த மாதத்துக்குள் கேட்டால் திரும்ப எடுத்துக்கொள்வார்கள் என்று சொல்லியிருக்கிறாள். அன்றிலிருந்து வீட்டில் இதே பேச்சு.

"ஏங்க, நீங்க நேர்ல போய்ச் சொன்னாத்தான் கேட்பா."

"கேட்கலன்னா?"

"கேட்கிற மாதிரி சொல்லுங்க. கத்தாதீங்க."

ஆக, மச்சானுடைய ஸ்வெட்டரை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு, இரண்டு நாள் ரயிலில் உட்கார்ந்து போய் இறங்கினேன்.

போன மறுநாள் காலை பத்து மணிக்கு, பழைய அரசுக் குடியிருப்பு ஒன்றுக்கு என்னை அழைத்துப் போனாள். அகலமான தெருக்கள், வேப்பமரங்கள், மாடிக் கட்டடங்கள். ஒவ்வொரு கட்டடத்தின் பக்கச் சுவரிலும் கீழிருந்து மேல்வரை ஒரு படம். நான் கொண்டுபோன செய்தியைத் தெருவின் தொடக்கத்திலேயே, நின்றபடியே சொல்லிவிட்டேன். கத்தவில்லை. அவளும் கத்தவில்லை. தெருவை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"அப்பா, ஒரு டீல். இந்தக் குவார்ட்டர்ஸ்ல நான் போட்ட சுவர் ஒண்ணு இருக்கு. அது எதுன்னு நீங்க கண்டுபிடிச்சுட்டா நான் அடுத்த வாரமே ஊருக்கு வந்துடறேன். அந்த வேலையிலயே சேர்றேன். கண்டுபிடிக்கலைன்னா இனிமே இந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. ஒரே சான்ஸ்."

"விளையாடுறியா?"

"இல்லப்பா. சத்தியமா."

என்னால் முடியாது என்ற தைரியத்தில் சொல்கிறாளா, இல்லை முடியட்டும் என்று சொல்கிறாளா, எனக்கு அப்போது புரியவில்லை. சரி என்று தலையாட்டினேன். சில சுவர்களின் அடியில் கையெழுத்து இருந்தது. அவள் தன் சுவரில் கையெழுத்தே போடவில்லையாம், அதை முதலிலேயே சொல்லிவிட்டாள்.

என் தொழிலைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்கிற ஒரு தொழிற்சாலையில் பெயிண்ட் பிரிவில் நான் தரம் பார்க்கிறவன். இருபத்தாறு வருடமாக இதே வேலை. வரிசையாகக் கொக்கியில் தொங்கிக்கொண்டு சாமான் வரும். டியூப்லைட் வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பேன். வழிசல் இருக்கிறதா, தூசி ஒட்டியிருக்கிறதா, பூச்சு எங்காவது மெலிந்திருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் சிவப்பு வட்டம் போட்டு ஒதுக்குவேன். கல்யாண வீட்டுக்குப் போனாலும் பெண்ணுக்குச் சீராக வந்த பீரோவின் கதவை விரலால் தடவிப் பார்க்கிற ஜென்மம் நான். சுவர் நிறைய பெயிண்ட் அடித்த தெருவில் என்னை விட்டால் ஜெயித்துவிடுவேன் என்றுதான் நினைத்தேன்.

அரை மணி நேரத்தில் தலை சுற்றிவிட்டது. நம் ஊர்க்காரி, நம் ஊர் விஷயம் ஏதாவது போட்டிருப்பாள் என்று முதலில் கணக்குப் போட்டேன். கோபுரமும் வாழையிலையும் இருந்த ஒரு சுவரைப் பார்த்ததும் வாய்வரை வந்துவிட்டது. கீழே குனிந்தால் வாயில் நுழையாத ஏதோ வெளிநாட்டுக்காரர் பெயர். அடுத்த தெருவில் கடலும் கட்டுமரமும். அதுவும் இன்னொருவர் கையெழுத்து. ஒரு சுவர் முழுக்கக் கறுப்பு வெள்ளைக் கோடுகள் மட்டும் இருந்தன. அது முடிந்த படமா, இனிமேல்தான் வரையப் போகிறார்களா என்றே தெரியவில்லை. வேறொரு சுவரில் பழுப்பு நிறத்தில் மேகம் கலைந்த மாதிரி ஒரு வேலைப்பாடு. நான் இரண்டு நிமிடம் தள்ளி நின்று மரியாதையாகப் பார்த்தேன்.

"அப்பா, அது படம் இல்ல. மேல தண்ணி டேங்க் ஒழுகுது."

ஒரு சுவர் வெள்ளையடித்துப் பென்சிலால் கட்டம் கட்டி வைத்திருந்தது. எங்கள் பக்கத்தில் தேர்தல் வரப்போகிறது என்றால் கட்சிக்காரர்கள் இப்படித்தான் ஒரே நாளில் வெள்ளையடித்து, மூலையில் கட்சிப் பெயரும் வருடமும் எழுதிச் சுவரைப் பிடித்து வைப்பார்கள். என் வீட்டுக் காம்பவுண்டையே என்னைக் கேட்காமல் இரண்டு தடவை பிடித்திருக்கிறார்கள். பழக்கதோஷத்தில், "இத எந்தக் கட்சி புக் பண்ணியிருக்கு?" என்று கேட்டுவிட்டேன். அவள் சிரித்த சிரிப்பில் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்தேவிட்டாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. நானும் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் எனக்கு அவமானமாக இருந்தது. என் பெண் என்ன மாதிரிப் படம் வரைவாள் என்று எனக்குத் தெரியாது. பள்ளிக்கூட நோட்டின் கடைசிப் பக்கங்களில் ஏதோ கிறுக்கி வைத்திருப்பாள். நான் மார்க் போட்டிருக்கும் பக்கத்தைப் பார்த்துவிட்டு நோட்டை மூடிவிடுவேன்.

படத்தைப் பார்த்தால் பிடிபடாது என்று தெரிந்ததும் எனக்குத் தெரிந்ததைப் பார்க்க ஆரம்பித்தேன். சுவரின் அடியைப் பார்த்தேன். அநேகமாக எல்லாச் சுவரிலும் முழங்கால் உயரத்துக்கு ஓதம் ஏறி, உப்புப் பூத்து, பெயிண்ட் பொரிந்து போயிருந்தது. மேலே எவ்வளவு பெரிய படமாக இருந்தாலும் காலடியில் அப்பளம். எனக்குக் கை அரித்தது. சிவப்புப் பென்சில் இருந்திருந்தால் தெரு முழுக்க வட்டம் போட்டிருப்பேன்.

நாலாவது தெருவின் கடைசிக் கட்டடத்தில், குழாயடியை ஒட்டி, ஒரு சுவரில் மட்டும் அடி பொரியவில்லை. நம்பாமல் உட்கார்ந்து கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தேன். இடுப்பு உயரத்துக்குப் பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசியிருந்தார்கள். அதன்மேல் பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டு இழைத்து, ப்ரைமர் காய்ந்த பிறகுதான் நிறம் ஏறியிருக்கிறது. சுவரை ஒட்டி ஓடிய கழிவுநீர்க் குழாய்க்குப் பின்னால், யார் கண்ணுக்கும் படாத நாலு விரல் இடத்திலும் நிறம் முழுசாக இருந்தது.

அவள் ஏழாவது படிக்கும்போது ஒரு கோடை விடுமுறையில் எங்கள் வீட்டு இரும்பு கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்க ஆசைப்பட்டாள். துருவைச் சுரண்டாமல் அடித்துவிட்டாள் என்று மூன்று முறை சுரண்ட வைத்தேன். கீல் இடுக்கில் விட்டுப்போனதை விரலை வைத்துக் காட்டினேன். அழுதுகொண்டே அடித்தாள். நான் சொன்னது எதையும் இந்தப் பெண் காதில் வாங்கியதில்லை என்றுதான் இத்தனை வருடமும் என் மனைவியிடம் புலம்பிக்கொண்டிருந்தேன்.

அவள் சுவர் இதுதான். சந்தேகமே இல்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, பின்னால் நகர்ந்து, அப்போதுதான் படத்தைப் பார்த்தேன். முழங்கைகள். வெறும் முழங்கைகள். பெண்களுடையவை, ஆள் உயரத்துக்கு ஒவ்வொன்றும். வளையல் போட்டது, கடிகாரம் கட்டியது, தழும்பு உள்ளது, பிளாஸ்திரி ஒட்டியது. ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வரிசையாகச் சுவரெல்லாம் இருந்தன. எண்ணினேன், பதினெட்டு. முகம் ஒன்றுகூட இல்லை. இது என்ன, பஸ்ஸா, தாம்பரம் லோக்கல் ரயிலில் லேடீஸ் பெட்டியா, சண்டையா, ஒரு மண்ணும் புரியவில்லை. புரியாமலே அங்கிருந்து நகர மனசு வரவில்லை.

அவள் சற்றுத் தள்ளி யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். நான் அந்தச் சுவரடியில் உட்கார்ந்ததும் அவள் பேச்சு நின்றுவிட்டது. அதைக் கவனித்தேன். எதிர்முனையில் இருந்தவர் ஹலோ ஹலோ என்று கேட்டிருக்க வேண்டும்.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். அடுத்த வாரம் அவள் பெருங்களத்தூர் வீட்டில் இருப்பாள். மனைவி பிரியாணி போடுவாள். ஞாயிற்றுக்கிழமை கேட்கிறவர்களுக்கு ஒழுங்காகப் பதில் சொல்லலாம். இதற்காகத்தான் இரண்டு நாள் ரயிலில் வந்தேன். ஆனால் குழாய்க்குப் பின்னால் இருந்த அந்த நாலு விரல் இடத்தை மறுபடி எட்டிப் பார்த்தேன். இப்படி வேலை செய்கிற ஒரு ஆள் என் பிரிவில் இருந்தால் வேறு பிரிவுக்கு மாற்ற விடுவேனா? மேனேஜரோடு சண்டை போட்டாவது நிறுத்தி வைத்துக்கொள்ள மாட்டேனா? அப்படியானால் நான் என்ன செய்ய வந்திருக்கிறேன்? ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு எதுவும் தெளியவில்லை. நான் நடக்க ஆரம்பித்தேன்.

எதிர்த் தெருவில் தோகை விரித்த ஒரு பெரிய மயில் இருந்தது. கையெழுத்தும் இல்லை. அடியெல்லாம் பொரிந்திருந்தது.

"இதான் உன்னோடது" என்றேன்.

நிம்மதியாகச் சிரிப்பாள் என்று நினைத்தேன். ஜெயித்தது அவள். அவள் மயிலைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"மயிலா?" என்றாள். "நான் மயில் போடுவேன்னு நினைச்சீங்களாப்பா?"

நான் தோகையை எண்ணுகிறவன் மாதிரி மயிலை அண்ணாந்து பார்த்தேன்.

"பரவாயில்ல, வாங்க" என்று என்னைத் திரும்ப அழைத்துப் போனாள். முழங்கைகளுக்கு முன்னால் நின்று, "இதுதான்" என்றாள். நான் முதல் தடவை பார்க்கிறவன் மாதிரி தலையை மேலும் கீழும் ஆட்டினேன். இவ்வளவு நேரம் உட்கார்ந்து தடவிப் பார்த்த இடத்தை மறுபடி தடவக்கூட எனக்குப் பயமாக இருந்தது. என்ன சொல்வேன் என்று அவள் காத்திருந்தாள். சொல்ல ஆயிரம் இருந்தது. எதைச் சொன்னாலும் நான் பொய் சொன்னது வெளியே வந்துவிடும்.

"நல்லாயிருக்கு" என்றேன்.

"அம்மா சொல்லச் சொன்னாங்களா?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை.

வாக்குப்படி நான் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து, "சொன்னேன், கேட்கல" என்று மனைவியிடம் முடித்துக்கொண்டேன். மகளை அங்கே விட்டு வந்தது சரி என்று சில நாள் தோன்றுகிறது. தன் வேலையை அப்பாவுக்கு அடையாளம் தெரியவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டிருப்பதை நினைத்தால், போனை எடுத்து எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் என்று வருகிறது. எடுத்தால், அப்படியானால் நான் தோற்றேன்தானே, ஊருக்கு வரணும்தானே என்று கேட்பாளோ என்று வைத்துவிடுகிறேன். இதில் எது அன்பு, எது கோழைத்தனம் என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

போன வாரம் அவளே கூப்பிட்டாள். வேறொரு குடியிருப்பில் புதுச் சுவர் கிடைத்திருக்கிறதாம், முன்னதைவிடப் பெரியதாம். முடிந்ததும் வந்து பார்க்கிறேன் என்றேன்.

"வாங்கப்பா" என்றாள். "இந்தத் தடவை தேடச் சொல்ல மாட்டேன். எதுன்னு நானே காட்டிடறேன்."

சரிம்மா என்றேன்.