நான் வெட்டிய அரை அங்குலம்

ராயபுரத்தில் எங்கள் ஸ்டுடியோவில் படம் எடுப்பவர் என் வீட்டுக்காரர், அதைத் திருத்துகிறவள் நான். 1960-களில் ஒரு பெண்பிள்ளை ஜன்னலோரம் உட்கார்ந்து, பென்சிலை ஊசியாய்ச் சீவிக்கொண்டு, நெகட்டிவில் ஊரார் மூஞ்சியைத் திருத்துகிறாள் என்பதைப் பார்க்கவே சிலர் வாசலில் நின்றதுண்டு. என் கை பட்டால் அம்மைத் தழும்பு மறையும், கண்ணுக்குக் கீழே கருவளையம் போகும். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

என் வீட்டுக்காரருக்கு ஆட்களை நிறுத்தத் தெரியாது. வந்தவன் போனவனையெல்லாம் படத்துக்குள் அடைத்துவிடுவார். கேட்டால், "குடும்பப் படம்னா குடும்பம் முச்சூடும் வர வாணாமா?" என்பார். எனக்கு அது ஆகாது. நடுவில் பொண்ணு மாப்பிள்ளை, இரண்டு பக்கமும் சமமாக ஆள், ஓரத்தில் கொஞ்சம் காலி இடம். இப்படி இருந்தால்தான் படம்.

காசிமேட்டில் மீன் விற்கும் ஒரு அம்மா, மகள் கல்யாணம் கோயிலில் முடிந்த கையோடு எல்லாரையும் கூட்டிவந்தார். எல்லாரும் நின்றாயிற்று. கடைசி நிமிஷத்தில் மகன் ஓடிவந்தான். கடலுக்குப் போன படகு தாமதமாகக் கரை சேர்ந்ததாம். ஈரப் பனியன், மடித்துக் கட்டிய லுங்கி. அந்த அம்மா அவனை இழுத்துத் தன் பக்கத்தில் வலது ஓரத்தில் நிறுத்திக்கொண்டார். இடது பக்கம் ஐந்து பேர், வலது பக்கம் ஆறு, அதிலும் ஒருவன் ஈரப் பனியனில். எனக்கு அப்போதே பற்றிக்கொண்டு வந்தது.

அந்தக் காலத்தில் நெகட்டிவைத் தாளோடு ஒட்டவைத்து, அதே அளவில்தான் படம் போடுவோம். ஓரம் வேண்டாமென்றால் கறுப்புத் தாளால் மறைத்தால் போதும். ஆனால் இவர் அடுத்த காப்பி போடும்போது அந்தத் தாளைப் பிய்த்துவிட்டு முழுசாகப் போடுவார். எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறேன். அந்த எரிச்சலில் பிளேடை எடுத்து, நெகட்டிவிலேயே அரை அங்குலம் நறுக்கிவிட்டேன். துண்டு குப்பையோடு போயிற்று. பொய் சொல்வானேன், நானே போட்டெடுத்த படம் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி இருந்தது.

படம் வாங்க அந்த அம்மா மகனோடுதான் வந்தார். "எம்மவன் எங்கம்மா?" என்று கேட்டார்.

"படம் புடிக்க சொல்லோ உங்க மவன் ஆடிட்டாருக்கா. மூஞ்சி கலங்கிப்போச்சு, அதான் வுட்டுட்டோம்" என்றேன், நாக்குக் கூசாமல்.

அவன் சிரித்தான். "வுடும்மா. சொக்கா போட்டுகினு இன்னொரு நாளு தனியா வந்து புடிச்சிக்கிறேன்."

அவன் வரவில்லை. அடுத்த மழைக்காலத்தில் அவர்கள் படகு கவிழ்ந்தது. மூன்று பேர் நீந்திக் கரையேறினார்கள், அவன் மட்டும் ஏறவில்லை. எண்ணூர் வரைக்கும் கரையோரமாகத் தேடியும் உடம்பு கிடைக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து ஒரு காலையில் அந்த அம்மா கடைக்கு வந்தார். கையில் செய்தித்தாளில் சுற்றிய கல்யாணப் படம்.

"நாளான்னிக்கி பூச வெச்சிக்கீது. ஒடம்பு கெடைக்காதவனுக்குப் படத்த வெச்சிதான் பூச பண்ணுவாங்கோ. அவன் வேற படமே புடிச்சதில்லம்மா. அன்னிக்கி ஆடிட்டான்னு சொன்னியே, அந்த ஆடுன மூஞ்சியே போதும். போட்டுக் குடு."

எதுவும் தெரியாத என் வீட்டுக்காரர், "நெகட்டிவு எங்கக்கா போவப்போவுது, இரு" என்று பெட்டியைத் திறந்து தேடி எடுத்தார். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னாமே இது?"

ஒரு மனுஷனின் முகம் உலகத்திலேயே ஒரே ஒரு இடத்தில்தான் இருந்திருக்கிறது. அதை நான் பெருக்கித் தள்ளியிருக்கிறேன். அந்த நேரத்திலும் இன்னொரு பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்ததுதான் எனக்கு இன்றும் ஆறாத அதிர்ச்சி.

"அவரு ஆடலக்கா. நேராத்தான் நின்னாரு. ஈரப் பனியனோட நிக்கிறாரேன்னு நான்தான் வெட்டிட்டேன்."

அடித்திருந்தால் தேவலை. அந்த அம்மா செய்தித்தாளைப் பிரித்து, படத்தை மேசைமேல் வைத்து, அதில் தன் தோளைத் தொட்டுக் காட்டினார். வெட்டிய பக்கம் இல்லை, மறுபக்கத் தோள். அங்கே நாலு விரல் தெரிந்தது. இரண்டு நாள் அந்தப் படத்தின்மேல் கவிழ்ந்து கிடந்த நான், அதைப் பக்கத்தில் நிற்பவரின் கை என்றே நினைத்திருந்தேன்.

"இது எம்மவன் கை. முதுவுக்குப் பின்னால போட்டு என்னிய அணைச்சிகினு நின்னான். தெனம் பாக்கறேன், எனக்குத் தெரியாதா? நீ வுட்டுவெச்சது இத்தினிதான். இத்தியே பெர்சு பண்ணிக் குடு."

என் வீட்டுக்காரர் அந்தப் படத்தையே மறுபடி படமெடுக்கக் கேமராவைச் சரிபண்ணப் போனார். என்ன செய்வதென்று தெரியாமல் என் பூதக்கண்ணாடியை எடுத்து அந்த அம்மாவிடம் நீட்டினேன். வாங்கி, விரல்களின்மேல் வைத்துக் குனிந்து பார்த்தார். நிமிராமலேயே சொன்னார்:

"நகத்துல அழுக்கு கீது. அத்த எடுத்துடாத."