டுசல்டோர்ஃபில் ஒரு ஜப்பான் பாட்டு

ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் படிக்கும் மதுரைத் தம்பி ஒருவர், டுசல்டோர்ஃபில் கரோக்கிக்கு நல்ல இடம் எது, வீக்எண்டில் நண்பர்களோடு போகிறோம் என்று எழுதிக் கேட்டிருந்தார். இந்த வலைப்பூவில் ஊர் ஊராக எழுதிய நான் அந்த ஊரை மட்டும் தவிர்த்து வந்தேன். கேட்டுவிட்டார், எழுதுகிறேன். நான் அங்கே முதன்முதலில் போனது 1987 நவம்பரில், ஒரு சனிக்கிழமை. சுற்றிப் பார்க்கப் போகவில்லை, வாய் திறந்து பழகப் போனேன்.

அப்போது கெல்சென்கிர்ச்சனில் அகதிகள் விடுதியில் இருந்தேன். சின்ன வயதிலிருந்தே கூச்சம். பள்ளியில் பேச்சுப்போட்டி வந்தால் எனக்குக் காய்ச்சலும் வரும். அகதி விசாரணையில், ஏன் நாட்டை விட்டு வந்தாய் என்று கேட்டார்கள். இலங்கையில் ஆமிக்காரர் முகாமில் எனக்குச் செய்ததைச் சொல்ல வேண்டும். மொழிபெயர்க்க உட்கார்ந்திருந்தவர் எல்லாரும் அக்கா என்று கூப்பிடும், என் அம்மாவின் வயதுள்ள தமிழ்ப் பெண். அவர் முன்னால் அதை எப்படிச் சொல்வது? சண்டை நடக்கிறது, பயமாக இருந்தது என்று மட்டும் சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டேன். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. வழக்குப் போட்டோம். அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த வியாழன் நீதிபதி முன்னால் நான் பேசியே ஆக வேண்டும். அன்றும் வாய் மூடினால் என்னைத் திருப்பி அனுப்பிவிடலாம்.

அறைத்தோழர் சிவம் அண்ணைக்கு என்னைப் பற்றி ஒரு விஷயம் தெரியும். நான் முன்பு இரண்டு வருடம் சரக்குக் கப்பலில் கோப்பை கழுவினேன். அதிகாரிகள் ஜப்பான்காரர். சமையல்காரர் நாள் முழுக்க ஜப்பான் சினிமாப் பாட்டும் மேடைப் பாட்டும் கசெட்டில் போடுவார். அர்த்தம் தெரியாது, ஆனால் பத்துப் பன்னிரண்டு பாட்டு மனப்பாடம். விடுதிக் குளியலறையில் யாரும் இல்லை என்று நினைத்துப் பாடியதை அண்ணை கேட்டுவிட்டார். டுசல்டோர்ஃபில் ஜப்பான்காரர் மைக் பிடித்துப் பாடும் தவறணை, அதாவது மதுக்கடை, ஒன்று இருக்கிறது, அங்கே சனத்துக்கு முன்னால் பாடினால் கோட்டில் நீதிபதிக்கு முன்னாலும் வாய் திறக்கும் என்பது அவருடைய வைத்தியம். எனக்கு ஏலாது என்றேன். ரயில் ரிக்கெட் வாங்கியாயிற்று என்றார்.

தூரம் ஏறக்குறைய நாற்பத்தைந்து கிலோமீட்டர், ரயிலில் முக்கால் மணி நேரம். போய்வர ஒருவருக்குப் பதின்மூன்று மார்க். எங்கள் உதவிப் பணத்துக்கு அது பெரிய காசு. அகதிகள் நகர எல்லையைத் தாண்ட அலுவலகத்தில் அனுமதி எடுக்க வேண்டும், காரணமும் எழுத வேண்டும். ஜப்பான் பாட்டுப் பாட என்று எழுதவா? அனுமதி இல்லாமலே ஏறினோம். எசன், டுயிஸ்பேர்க் என்று ஒவ்வொரு நிலையத்திலும் பொலிஸின் பச்சைச் சீருடை தெரிகிறதா என்றுதான் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே என்ன அழகு இருந்தது என்று என்னைக் கேட்காதீர்கள்.

நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடை. ஆறு மணிக்குத் திறந்தார்கள். பத்து மேசை, ஒரு டிவி, ஒரு மைக். பாட்டுப் புத்தகம் முழுக்க ஜப்பான் எழுத்து. கடைக்கார அம்மாவிடம் முதல் வரியை முணுமுணுத்தேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தேடி எடுத்தார். மற்றவர்கள் டிவியில் ஓடும் எழுத்தைப் பார்த்துப் பாடினார்கள். எனக்கு அது வாசிக்கத் தெரியாது. அதனால் சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தபடி பாடினேன். முதல் அடியை மைக்குக்கே கேட்காத குரலில் பாடினேன். பிறகு நான் அங்கே இல்லை, கப்பலில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். முடிந்ததும் கோட் சூட் போட்ட ஆட்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

திரும்பும் ரயிலில் அண்ணை சொன்னார்: "தெரியாத பாசையில இவ்வளவு சனத்துக்கு முன்னால பாடினனி. உன்ர கதையை உன்ர பாசையில சொல்ல ஏலாதோ?"

"சொல்லுறன் அண்ணை," என்றேன்.

சொன்னேன். வியாழக்கிழமை நீதிபதியின் தலைக்கு மேலே இருந்த மணிக்கூட்டைப் பார்த்தபடி ஒன்றும் விடாமல் சொன்னேன். அதே அக்காதான் மொழிபெயர்த்தார். இரண்டு இடத்தில் நிறுத்தித் தண்ணீர் குடித்தார். நீதிபதி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை?"

"வெக்கம்," என்றேன்.

வழக்குத் தோற்றது. முதலில் சொல்லாததைப் பிறகு சேர்த்துச் சொல்கிறார், ஆகவே நம்ப முடியாது என்று தீர்ப்பு. நாட்டில் சண்டை நடந்ததால் அனுப்பாமல் வைத்திருந்தார்கள். என்னை நம்பி வைத்திருக்கவில்லை. ஒழுங்கான விசா கிடைக்கப் பல வருடம் எடுத்தது. அந்தக் கசப்பு இன்னும் போகவில்லை, போக வேண்டும் என்று நான் நினைக்கவும் இல்லை.

போன மாதம் அந்தத் தெருவுக்குப் போய்ப் பார்த்தேன். தவறணை இருந்த இடத்தில் நூடுல்ஸ் கடை. தம்பி, பக்கத்துத் தெருக்களில் கரோக்கி அறைகள் உண்டு. சனிக்கிழமை என்றால் முன்பதிவு செய்யுங்கள், கூட்டம் சேருமுன் போய்விடுங்கள். எப்படிப் பாடினாலும் கைதட்டுவார்கள். நான் வாழ்க்கையில் கைதட்டு வாங்கியது ஒரு சொல்லும் விளங்காத பாட்டுக்கு. ஒவ்வொரு சொல்லும் என்னுடையதாக இருந்த அன்று பொய்யன் என்ற பெயர் வாங்கினேன்.

உங்கள் கூட்டத்தில் ஒருவர் மூலையில் பேசாமல் இருந்தால் மைக்கை அவர் கையில் திணிக்காதீர்கள். அவராகவே என்றைக்காவது வாய் திறந்தால், இவ்வளவு நாள் ஏன் பேசவில்லை என்று மட்டும் கேட்காதீர்கள்.